பரிசுப் பட்டியலில் இல்லாத பெயர்கள்

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால், பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்திலேயே இறந்தவர்களின் பெயர்களும் நிரையாக வரும். உயர்தரக் கணிதத்தில் முதலிடம் பெற்றவருக்கு, அதே வகுப்பறையில் கணிதம் கற்பித்து மறைந்த ஆசிரியரின் ஞாபகார்த்தப் பரிசு. தமிழுக்கு முன்னாள் அதிபர் ஒருவர். உதைபந்தாட்டத்துக்கு இளவயதில் போய்ச் சேர்ந்த பழைய மாணவர். நன்னடத்தைக்கு யாரோ ஒருவருடைய தாயார். பணம் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மெல்பேணிலிருந்தோ வந்திருக்கும்.

நான் தங்கியிருந்த கொக்குவில் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'. பழைய நிகழ்ச்சி நிரல்களைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். "இவ்வளவு பேரின்ரை பெயரிலையும் பரிசா ஐயா?" என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "செத்துப் போனாப் போலை சும்மா இருக்கலாமோ தம்பி? பள்ளிக்கூடத்திலை இருந்தவை பிள்ளையளுக்கு ஏதும் செய்துகொண்டுதான் இருக்க வேணும்."

நல்லூர்த் திருவிழா முடிந்து ஊர் சற்றே ஓய்ந்திருந்த செப்டம்பர் முதல் வாரம். சோளகக் காற்று இன்னும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. வேலியோரங்களில் பனம்பழம் விழுந்து கிடந்தது. பள்ளிக்கூடங்கள் தங்கள் இறந்தவர்களை எப்படி வைத்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே குடாநாட்டைச் சுற்றி வருவது என்று தீர்மானித்தேன். மாஸ்டர் சொன்ன வழக்கு எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதுதான் போகப் போக என் கேள்வியாயிற்று.

பட்டணத்தில் தொடங்கினேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் அருட்தந்தை லோங் சிலையாக நிற்கிறார். அயர்லாந்துக்காரர். புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்தவர். இந்த நூலகத்தைக் கட்டி எழுப்ப முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து கொடுத்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. அந்தத் தீயைப் பத்திரிசியார் கல்லூரியிலிருந்து பார்த்த அருட்தந்தை தாவீது அடிகள், பார்த்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். பல மொழி அறிந்தவர், தமிழ்ச் சொற்பிறப்பை ஆய்ந்தவர். ஒரே கல்லூரியைச் சேர்ந்த இரண்டு பாதிரியார்களில் ஒருவர் நூலகம் எழ உழைத்தார், மற்றவர் அது எரிந்தபோது இறந்தார். இன்று படிப்பறைக்குள் போகும் மாணவர்கள் லோங்கைக் கடந்துதான் போகிறார்கள். பலர் அண்ணாந்து பார்ப்பதில்லை. அதில் குறை ஒன்றுமில்லை. நூலகம் திறந்திருந்தால் போதும் என்றுதான் அவரும் சொல்லியிருப்பார் என்று பட்டது.

அங்கிருந்து சுண்டுக்குழி அதிக தூரமில்லை. பரி. யோவான் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 1823இல் ஜோசப் நைற் பாதிரியார் நல்லூரில் தொடங்கிய செமினரியே பின்னர் இடம் மாறி, பெயர் மாறி இந்தக் கல்லூரியாயிற்று. 1904 முதல் யாழ். மத்திய கல்லூரியோடு ஆடிவரும் 'வடக்கின் சமர்' கிரிக்கெட் போட்டி நாட்களில் பட்டணமே இரண்டாகப் பிரிந்துவிடும். அந்தக் கிரிக்கெட்டே இக்கல்லூரி அதிபர் ஒருவரின் சாவோடு சேர்த்துப் பேசப்படுகிறது. சி. ஈ. ஆனந்தராஜன் 1976 முதல் அதிபராக இருந்தார். 1985 ஜூன் நடுவில் அரசுக்கும் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கும் இடையே போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அந்தச் சிறிய இடைவெளியில் இராணுவத்தினருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் இடையே ஒரு கிரிக்கெட் போட்டிக்கு அவர் துணைநின்றார். ஜூன் 26ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே கொன்றனர் என்று அக்கால மனித உரிமைப் பதிவுகள் சொல்கின்றன.

எதிரி கொன்றவருக்கு மேடை போடுவது எளிது. சொந்தப் பக்கத்துத் துப்பாக்கியால் இறந்தவரை நினைவுகூர ஒரு பள்ளிக்கு வேறு வகை நெஞ்சுரம் வேண்டும். நீண்ட காலம் அந்தச் சாவைப் பற்றி உரக்கப் பேச முடிந்ததில்லை. ஆனால் அவரிடம் படித்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அவர் எப்படிப் பள்ளி நடத்தினார், யாரை எப்போது கண்டித்தார், யாருக்குக் கட்டணம் கட்டினார் என்பவற்றை எழுதியபடியே இருந்தார்கள். கொலையைப் பேச முடியாத காலத்திலும் பணியைப் பேச முடிந்தது. மாஸ்டருடைய வழக்குக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

மறுநாள் காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனேன். கோண்டாவில், இணுவில் தாண்டியதும் மண் சிவப்பாகிறது. வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் விளையும் பூமி. பஸ் தரிப்பிடங்களின் நெற்றியில் எல்லாம் 'அமரர்' என்று தொடங்கும் பெயர்கள். உடுவிலில் இறங்கிக் கல்லூரிக்கு நடந்தேன்.

உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் அமெரிக்க மிஷனரிகளால் தொடங்கப்பட்டது. ஆசியாவில் பெண்பிள்ளைகளுக்கான முதல் விடுதிப் பள்ளிகளில் ஒன்று. அதன் முதல் தலைமை ஆசிரியை ஹரியற் வின்ஸ்லோ. அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து 1820இல் யாழ்ப்பாணம் வந்தவர். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அவருடைய கணவர் பெயர் பழக்கமானதாக இருக்கும். 1862இல் சென்னையில் வெளிவந்த பெரிய தமிழ்-ஆங்கில அகராதி அந்த மைரன் வின்ஸ்லோவுடையது. ஹரியற் 1833 ஜனவரியில் 36 வயதில் இறந்து உடுவிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய தங்கைகள் மூவரும் இதே மிஷன் பணிக்கு வந்தார்கள். அவருடைய கொள்ளுப்பேரன் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் 1950களில் அமெரிக்க வெளியுறவுச் செயலரானார். வாஷிங்டன் விமான நிலையத்துக்கு அந்தப் பெயர் இருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் பெயர் உடுவில் செம்மண்ணில்.

உடுவிலுக்கு 1840இல் வந்த எலைசா அக்னியூ ஏறத்தாழ 40 ஆண்டுகள் இங்கே கற்பித்தார். ஒருமுறைகூடச் சொந்த நாடு திரும்பவில்லை. 1883இல் பக்கத்து மானிப்பாயில் இறந்தார். 'ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்' என்று மிஷன்காரர்கள் அவரைப் பற்றி எழுதினார்கள். திருமணம் செய்யாத, பிள்ளை பெறாத ஒருவருக்கு யாழ்ப்பாணக் குடும்பங்களில் மூன்று தலைமுறை மாணவிகள் கிடைத்தார்கள். பாட்டிக்குக் கற்பித்தவர் பேத்திக்கும் கற்பித்தார். இப்படிப்பட்டவரை மறக்காமல் வைத்திருக்க ஒரு பள்ளிக்குச் சிரமம் இல்லை. அவருடைய மாணவிகள் வாசித்ததும், அவர்களுடைய பெண்கள் ஆசிரியைகளானதும், பள்ளி இன்னும் நடப்பதும் அவருக்குச் சாட்சி.

தெல்லிப்பழையில் இதே கதையைச் சைவர்களின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். மகாஜனக் கல்லூரியை 1910இல் பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை தொடங்கினார். மிஷன் பள்ளிகளில் படித்து, கற்பித்து, பிறகு சைவராகத் திரும்பியவர். 'சகலகுணசம்பன்னன்' என்ற நாடகம் எழுதியவர். 1929இல் அவர் மறைந்தபோது பள்ளி சிறியது. பின்னர் அவருடைய மகன் தெ. து. ஜயரத்தினம் அதிபராகி அதைப் பெரிய கல்லூரியாக்கினார். கவிஞர் மகாகவியும், எழுத்தாளர்கள் அ. ந. கந்தசாமியும் அ. செ. முருகானந்தனும் இங்கே ஒரே காலத்தில் படித்தவர்கள். போரில் கல்லூரி இடம்பெயர்ந்து, வேறு ஊர்களில் நடந்து, திரும்பி வந்தது. அண்மைக் காலத்தில் இங்கே பேச்சு அதிகமும் பெண்கள் உதைபந்தாட்டம் பற்றித்தான்.

பாவலர் பெயரில் நினைவுப் பேருரை நடத்துவது இக்கல்லூரியின் வழக்கம். இது குடாநாட்டுக்குப் பொதுவான வழக்கும்கூட. ஆண்டுக்கொரு முறை அறிஞர் ஒருவரை அழைத்து, இறந்தவர் அக்கறைப்பட்ட ஒரு துறையில் பேசவைத்து, பேச்சைச் சிறுநூலாக அச்சிடுவார்கள். இறந்தவரைப் புகழ்வதற்கு முதல் ஐந்து நிமிடம்தான். மிச்ச நேரம் நாடகம், இலக்கணம், பொருளாதாரம், கல்விக் கொள்கை. தமிழ்நாட்டில் நாம் சிலை வைத்து மாலை போட்டுவிட்டு வருவோம். இங்கே ஒரு மணிநேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தெல்லிப்பழையிலிருந்து கீரிமலை அதிக தூரமில்லை. கடலோரம் நன்னீர் ஊறும் கேணி. குளித்துக்கொண்டிருந்த பையன்களின் கூச்சலுக்கு நடுவே, மறுபக்கத்தில் ஒரு குடும்பம் அந்தியேட்டிக் கிரியை செய்துகொண்டிருந்தது. இறந்த முப்பத்தோராம் நாள் செய்வது. யாழ்ப்பாணத்து வீடுகளில் அன்று உறவினர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு புத்தகமும் கொடுப்பார்கள். பேச்சில் அதற்குக் 'கல்வெட்டு' என்று பெயர். அட்டையில் 'நினைவு மலர்' என்று போட்டிருக்கும்.

மாஸ்டர் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு நிறையக் கல்வெட்டுகள் இருந்தன. முதலில் இறந்தவரின் படம். அடுத்து அவர் இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா. பிறகு தேவார திருவாசகம், வம்சம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று உறவுமுறைப்படி செய்யுள்கள். இறந்தவர் ஆசிரியர் என்றால் புத்தகம் தடிக்கும். அதிபரின் அஞ்சலி, பழைய மாணவர் சங்கத்தின் அஞ்சலி, கூடக் கற்பித்தவர்கள் எழுதும் கட்டுரைகள் எல்லாம் சேரும். சிலவற்றில் இறந்தவர் எழுதிய இலக்கணக் குறிப்புகளையே பின்னிணைப்பாகப் போட்டிருந்தார்கள். ஒன்றில் கைமருந்துக் குறிப்புகள். பரீட்சைக்கு உதவும், வயிற்றுக்கடுப்புக்கும் உதவும்.

ஊரின் சமூக வரலாற்றை எழுத முனைபவர்களுக்கு இவை பெரும் புதையல். எந்தப் பள்ளியில் யார் எப்போது கற்பித்தார், மலாயாவுக்கு எந்த ஆண்டு போனார், எப்போது இடம்பெயர்ந்தார் என்பதெல்லாம் அரச ஏடுகளில் இல்லாதபோதும் இவற்றில் இருக்கும். 1981இல் நூலகம் எரிந்ததும், 1995இல் குடாநாட்டின் பெரும்பகுதி மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறியதும் இப்படிப்பட்ட காகிதங்களைத் தின்றுவிட்டன. எஞ்சியவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் ஆயிரக்கணக்கில் படியெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

தட்டுகளை மேய்ந்துகொண்டு போகையில் ஒன்று கவனத்துக்கு வந்தது. பக்க எண்ணிக்கை வயதோடு சேர்ந்து குறைகிறது. எண்பது வயதில் இறந்த ஆசிரியருக்கு நூறு பக்கம். நாற்பதில் போனவருக்கு முப்பது. பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு அச்சிட்ட மெல்லிய புத்தகம் இருந்தது. படம், பதிகம், அம்மாவின் புலம்பல். வாழ்க்கை வரலாறு என்ற தலைப்பின் கீழ் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. பிறந்த தேதி, படித்த வகுப்பு, பிடித்த விளையாட்டு.

அதற்கடுத்த நாள் 750ஆம் இலக்க பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் புறப்பட்டேன். கோப்பாய், நெல்லியடி வழியாக ஒன்றேகால் மணிநேரம். பருத்தித்துறையில் கடலைப் பார்த்தபடி ஹாட்லிக் கல்லூரி இருக்கிறது. 1838இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தொடங்கியது. ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பேர்சிவல்தான். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பேர்போன பள்ளி. கோட்பாட்டு இயற்பியலாளர் பேராசிரியர் எலியேசர் இங்கே படித்தவர். 1943 முதல் 1967 வரை கே. பூரணம்பிள்ளை அதிபராக இருந்த காலத்தைப் பழைய மாணவர்கள் பொற்காலம் என்கிறார்கள். 1984இல் இந்தக் கல்லூரியின் நூலகமும் எரிக்கப்பட்டது. மறுபடி கட்டினார்கள். பணம் வழக்கம்போலப் பழைய மாணவர்களிடமிருந்து வந்தது. அவர்கள் தங்கள் ஆசிரியர்களை நினைத்துக்கொண்டு கொடுத்தார்கள்.

இதுவரை பார்த்த இடங்களில் எல்லாம் மாஸ்டருடைய வாக்கு பொருந்தியது. லோங்குக்கு நூலகம், அக்னியூவுக்குப் பள்ளி, பாவலருக்குப் பேருரை, பெயர் தெரியாத நூறு ஆசிரியர்களுக்குப் பரிசு. இறந்தவர் செய்த வேலை ஒன்று இருக்கிறது, உயிரோடிருப்பவர்கள் அதைத் தொடர்கிறார்கள், அதனால் பெயர் நிலைக்கிறது. பருத்தித்துறைச் சந்தியில் மருதங்கேணி பஸ்ஸில் ஏறியபோது அந்த வழக்கு செல்லாத ஓர் ஊருக்குத்தான் போகிறேன் என்பது தெரிந்தே இருந்தது.

பஸ் கிழக்கே திரும்பியதும் வீடுகள் ஐதாகின்றன. செம்மண் எப்போதோ பின்னால் போய்விட்டது. வல்லிபுர ஆழ்வார் கோயில் பக்கத்திலிருந்தே மணல். மணற்காட்டில் குன்று குன்றாக மணல், சவுக்குத் தோப்பு, மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயச் சுவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை வாரிக்கொண்டு போனது. இன்னும் தெற்கே உடுத்துறையில் அதற்கென்று ஒரு நினைவாலயம் இருக்கிறது. குடத்தனை, அம்பன் கடந்து நாகர்கோவில். தமிழ்நாட்டு நாகர்கோவிலிலிருந்து வருகிறீர்களோ என்று பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் விளையாட்டாகக் கேட்டார். இங்கேயும் நாகதம்பிரான் கோயிலால்தான் ஊருக்குப் பெயர். கோயிலின் கப்பல் திருவிழா சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம்.

பள்ளியின் பெயர் நாகர்கோவில் மகா வித்தியாலயம். 1995 செப்டம்பர் 22 வெள்ளிக்கிழமை நண்பகல், மதிய இடைவேளை நேரத்தில் இலங்கை விமானப் படையின் குண்டுகள் பள்ளிப் பகுதியில் விழுந்தன. அன்று இறந்த ஊராரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கை பதிவுக்குப் பதிவு மாறுகிறது. ஊர் ஆண்டுதோறும் நினைவுகூர்வது 21 மாணவர்களை. காயப்பட்டவர்களை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போர்ச் செய்திகளுக்கு அரசு தணிக்கை விதித்ததும் அதே வாரத்தில்தான். பருத்தித்துறையில் அப்போது பணியாற்றிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சொன்னதால்தான் வெளியுலகத்துக்கு விவரம் தெரிந்தது. பொதுமக்களை இலக்கு வைக்கவில்லை என்று அரசு மறுத்தது. ஒரு மாதத்துக்குள் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் பெரும்போர் தொடங்கி, குடாநாடே சிதறியது. 2000க்குப் பிறகு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று முன்னரங்கக் கோடு நீண்டதில் ஊர் போர்முனையாகவே ஆகிவிட்டது. பிள்ளைகளைப் புதைத்த மண்ணுக்குப் பெற்றோர் போக முடியாமல் ஆண்டுகள் கழிந்தன. போர் முடிந்து, கண்ணிவெடி அகற்றி, மக்கள் திரும்பி, பள்ளி மறுபடி நடக்கத் தொடங்கியது.

நான் போனது சாதாரணப் பள்ளி நாள். இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பள்ளி நடக்கும்போது உள்ளே போய்த் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. வீதியோரக் கடையில் பிளேன்ரீ வாங்கிக் குடித்தபடி நின்றேன். கடைக்கார அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும்.

"என்ன தம்பி, பள்ளிக்கூடம் பாக்க வந்தனியளோ?"

"ஓம் அம்மா. தமிழ்நாட்டிலயிருந்து வாறன்."

"இன்னும் ரெண்டு கிழமை கழிச்சு வந்திருக்க வேணும். இருபத்திரண்டாந் தேதி எல்லாரும் வருவினம். விளக்குக் கொளுத்துவினம். இப்ப படிக்கிற பிள்ளையளும் பூப் போடுவினம்."

"இப்ப படிக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியுமா?"

"தெரியாமல்? அவையின்ரை மாமாவும் சித்தியும் எல்லோ."

அவர் சொன்னதை நின்று யோசித்தேன். 1995இல் பன்னிரண்டு வயது என்றால் இன்று நாற்பதைக் கடந்திருப்பார்கள். ஓடி விளையாடுகிறவர்களில் சிலருக்குத் தாய்மாமன் வயது. பரிசளிப்பு விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பழைய மாணவர் தலைமுறையும் இந்த வயதுதான். உயிரோடிருந்திருந்தால் இவர்களில் யாராவது தம் ஆசிரியர் பெயரில் ஒரு பரிசு வைத்திருப்பார்கள்.

அவர்கள் பெயரிலேயே பரிசு வைக்கலாமே என்று முதலில் தோன்றியது. வைக்கலாம்தான். எந்தப் பாடத்துக்கு? கணித ஆசிரியருக்குக் கணிதப் பரிசு. எந்தப் பாடம் தனக்கு வரும் என்றே தெரியாத வயதில் போன பிள்ளைக்கு எதை? அவர்கள் கட்டிய மண்டபம் இல்லை, எழுதிய நூல் இல்லை, வளர்த்த மாணவர் இல்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் இருநூறு ஆண்டுகளாகப் பழகிவந்த நினைவு வழிகள் எல்லாம் ஒருவர் வாழ்ந்து முடித்த வாழ்க்கையைக் கேட்கின்றன. மாஸ்டர் அலமாரியில் பார்த்த மெல்லிய புத்தகத்தின் நிரம்பாத பக்கம்தான் இங்கே 21 முறை.

கும்பகோணம் நினைவுக்கு வந்தது. 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பெற்றோர் பள்ளியின் முன் கூடுகிறார்கள். குழந்தைகளின் படங்களுக்கு மாலையிட்டு, அவர்களுக்குப் பிடித்த பண்டங்களைப் படைக்கிறார்கள். மிட்டாய், முறுக்கு, பொம்மை, புதுச்சட்டை. வேல்ஸ் நாட்டு அபர்பான் கிராமத்தில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். ஊர் இடுகாட்டில் வெள்ளை வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று கூரையின் குற்றம், ஒன்று நிர்வாகத்தின் குற்றம், நாகர்கோவிலில் போரின் குற்றம். காரணங்கள் வேறு. குழந்தைகளை நினைவுகூரும்போது மூன்று ஊர்களும் ஒன்றையே செய்கின்றன. செய்ததைச் சொல்ல வழியில்லாத இடத்தில், விரும்பியதைச் சொல்கிறார்கள். அதுவும் மங்கியபின் பெயரை மட்டும் சொல்கிறார்கள்.

ஆசிரியரின் பெயர் அவர் வேலையில் சாய்ந்து நிற்கும். நாம் மறந்தாலும் பள்ளி நடக்கும்வரை அது விழாது. பிள்ளையின் பெயருக்குச் சாய ஒன்றுமில்லை. யாராவது தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆண்டுதோறும், கை மாற்றி மாற்றி. நாகர்கோவிலில் அந்த வேலையை இதுவரை தாயும் தகப்பனும் செய்தார்கள். அவர்களுக்கு இப்போது எழுபது வயது, சிலர் இல்லை. போர் முடிந்த பின்னரும் வடக்கில் பொது நினைவேந்தல்கள் பல ஆண்டுகள் தடையோடும் கண்காணிப்போடும்தான் நடந்தன. அதையும் மீறி வந்து நின்றவர்கள் அவர்கள். இனி அது கூடப் படித்தவர்களிடமும், கடைக்கார அம்மா சொன்ன மருமக்களிடமும் வருகிறது. பள்ளிக்கூடம் இந்த நினைவுக்குச் சரியான இடமாக இருப்பது அதனால்தான். குடும்பத்தில் ஆள் குறையும். பள்ளியில் ஆண்டுதோறும் முதலாம் வகுப்புக்குப் புதிதாக ஆள் வரும்.

"ஆருக்கும் சொந்தமில்லாத ஆக்களும் வருவினமோ அம்மா?" என்று புறப்படும்போது கேட்டேன்.

"வருவினம். ரவுணிலையிருந்து பத்திரிகைக்காரர், கம்பசுப் பிள்ளையள். உங்கடை பக்கத்தாலை ஆரும் வந்ததாத் தெரியேல்லை."

தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களின் பாதை எனக்குத் தெரியும். நல்லூர், நூலகம், கீரிமலை, நயினாதீவு, ஒரு பை நிறையப் பனங்கட்டி. நானும் அப்படித்தான் முன்பு போய் வந்தேன். வடமராட்சி கிழக்கு அந்தப் பாதையில் வருவதில்லை. போவது கடினமும் இல்லை. பட்டணத்திலிருந்து பருத்தித்துறைக்கு அடிக்கடி பஸ் உண்டு. அங்கிருந்து மருதங்கேணிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி நாகர்கோவிலில் இறங்க வேண்டும். செப்டம்பர் 22 என்றால் நண்பகலுக்கு முன்னரே போய்ச் சேர்வது நல்லது. பூ கொண்டுபோகலாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெற்றோர் பிள்ளையின் பெயரைச் சொல்வது பாசத்தால். அந்தப் பிள்ளைக்கு எந்த வகையிலும் உறவில்லாத ஒருவர் அதே பெயரைக் கேட்டு நின்றுவிட்டு வந்தால், ஒரு வீட்டு இழப்பாக இருந்தது எல்லாருக்கும் பொதுவான கணக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கை எழுதப் பள்ளியால் மட்டும் முடியாது, வெளியிலிருந்து ஆள் போக வேண்டும்.